மருந்துக்கடை முகப்பில் ஒரு நியான் கடிகாரம்

என் அண்ணன் ஷார்ஜாவில் விளம்பரப் பலகை செய்யும் பட்டறையில் பல வருடம் வேலை பார்த்தார். ஊருக்குத் திரும்பியபோது, அங்கே இடித்த ஒரு பழைய கடையின் முகப்பில் இருந்த கடிகாரத்தைக் கப்பல் சரக்கில் அனுப்பிவைத்தார். தென்காசியில் என் மருந்துக்கடைக்கு வெளியே அதை மாட்டினோம்.

சுவிட்சைப் போட்டால் வட்டமான கண்ணாடிக் குழாய் ஒரு தடவை துடித்துவிட்டுச் செம்மஞ்சளாக எரியும். குழாய்க்குள் இழை எதுவும் கிடையாது. பின்னால் இருக்கும் டிரான்ஸ்ஃபார்மர் மின்சாரத்தை ஆயிரக்கணக்கான வோல்ட்டாக உயர்த்தி அனுப்ப, உள்ளே அடைத்த நியான் வாயுவே ஒளிர்கிறது. முள்ளை ஓட்டும் மோட்டாருக்குப் பேட்டரியும் இல்லை. மின்சாரம் நொடிக்கு ஐம்பது தடவை அலையாக வருகிறதல்லவா, அந்தத் தாளத்தைப் பிடித்துக்கொண்டு அது சுற்றும்.

ஆகவே கரண்டு போனால் முள் நின்றுவிடும். வந்ததும் நின்ற இடத்திலிருந்தே ஓடத் தொடங்கும். ஏணி போட்டு ஏறி நேரத்தைத் திருத்துவது என் பொறுப்பு. சில நாள் மறந்துவிடுவேன்.

சாரல் பெய்த ஓர் ஆடி மாதத்து நாள். மதியம் அரை மணி நேரம் கரண்டு இல்லை. கடைக்குள் இன்வெர்ட்டர் ஓடியது, கூட்டமும் இருந்தது. கடிகாரம் என் நினைவுக்கே வரவில்லை. மாலையில் அச்சன்புதூரிலிருந்து ஒரு பெண் வந்து, தன் அம்மாவுக்கு இன்சுலின் வாங்கினார். காலையிலிருந்து ஆஸ்பத்திரியில் காத்திருந்ததில் அவருடைய போனில் சார்ஜ் தீர்ந்திருந்தது. ஐஸ் வைத்துக் கட்டிய பொட்டலத்தோடு வெளியே பெஞ்சில் உட்கார்ந்தார். வெகுநேரம் கழித்து உள்ளே எட்டிப் பார்த்தார்.

“அண்ணாச்சி, ஆறு மணி பஸ் இங்கன தான நிக்கும்?”

என் போனைப் பார்த்தேன். ஆறு இருபத்தைந்து. வெளியே கடிகாரம் ஆறுக்கு ஐந்து நிமிடம் குறைவாகக் காட்டியபடி பளிச்சென்று எரிந்துகொண்டிருந்தது.

பஸ் நிற்பது அடுத்த தெருமுனையில், அது எப்போதோ போய்விட்டது என்று சொன்னதும் அவர் முகம் வாடிவிட்டது. “அம்மா தனியா இருக்கா. ராச்சாப்பாட்டுக்கு முந்தி ஊசி போடணுமே.”

கடையை வேலையாளிடம் விட்டுவிட்டு, அண்ணனைக் காரோடு வரச் சொன்னேன். மூவரும் கிளம்பினோம். வழியில் அண்ணனிடம் நடந்ததைச் சொன்னேன்.

“கடிகாரத்து மேல தப்பு இல்ல,” என்றார் அண்ணன். “நீதாம்ல ஏறித் திருத்தல.”

பின் சீட்டிலிருந்து அந்தப் பெண் சொன்னார்: “நின்னு போயிருந்தா நான் நம்பிருக்க மாட்டேன் அண்ணாச்சி. நல்லா எரியுது, ஓடுது. அதான் நம்பிட்டேன்.”

அண்ணன் வைப்பரை வேகமாக்கினார். அந்தப் பெண்ணே தொடர்ந்து பேசினார். “எங்க வயல்ல பம்புசெட்டுக்கு ஸ்டார்ட்டர் இருக்கு. கரண்டு வந்தாலும் தானா ஓடாது. நாமதான் போயி பச்சைப் பட்டனை அமுக்கணும். அந்த மாதிரி இதுக்கு ஒண்ணும் கெடையாதா?”

வீட்டில் அந்தப் பெண்ணின் அம்மா சேலைத் தலைப்பால் தலையை மூடிக்கொண்டு வாசலிலேயே நின்றிருந்தார். “ஏட்டி, எங்கன போன இவ்வளவு நேரம்?” என்று சத்தம் போட்டார். அந்தத் திட்டைக் கேட்டபிறகுதான் எனக்கு மூச்சு சீரானது.

மறுநாள் காலையில் அண்ணன் ஒரு சின்ன ஸ்டார்ட்டர் வாங்கிவந்து கடிகாரத்துக்குப் பக்கத்தில் பொருத்தினார். இப்போது ஒரு தடவை கரண்டு போனால், யாராவது ஏறி நேரத்தைத் திருத்திப் பட்டனை அமுக்கும்வரை முள் நகராது, குழாயும் எரியாது.

“எரியலைன்னா ஒருத்தனும் பாக்க மாட்டான். எரிஞ்சா சரியா இருக்கணும்லே,” என்றார்.

சீசனில் அடிக்கடி கரண்டு போகும். குற்றாலத்தில் குளித்துவிட்டு ஈரத்தலையோடு வருகிறவர்கள் இருண்ட கடிகாரத்தைப் பார்த்து, “ரிப்பேரா?” என்று கேட்கிறார்கள். “இன்னும் திருத்தல” என்கிறேன். நேரம் தவறிய ஒன்று எரியாமல் இருப்பதும் ஒரு மரியாதைதான் என்று தோன்றுகிறது.

அந்தப் பெண் மாதம் ஒரு தடவை இன்சுலின் வாங்க வருகிறார். கடிகாரம் எரிந்துகொண்டிருந்தாலும், “மணி என்ன அண்ணாச்சி?” என்று என்னிடம் கேட்டுவிட்டுத்தான் பெஞ்சில் உட்காருகிறார். அண்ணனுக்கு அதில் கொஞ்சம் வருத்தம். எனக்கு இல்லை.