ஞானம் தேர்ந்தெடுத்த இரண்டு பழைய மெஷின்கள்

செய்தி வந்தபோது நான் வேலூரில் ரஃபீக் பாய் கடையில், ஞானத்தின் கம்ப்யூட்டருக்கு ஒரு ஃபேன் பார்த்துக்கொண்டிருந்தேன். பழைய கம்ப்யூட்டர் சாமான் விற்கும் கடை அது. பாதி வேலூரே அதற்குள் அடங்கும், ஆனால் உட்கார இடமிருக்காது. ஞானத்தின் மெஷின் கொஞ்ச நாளாக ஷேர் ஆட்டோ மாதிரி சத்தம் போட்டுக்கொண்டிருந்தது. "இது தாங்குமா பாய்?" என்று நான் கேட்கும்போதே பாயின் செல் அடித்தது. அவர் எடுத்துக் கேட்டார். பிறகு என் கையிலிருந்த ஃபேனை மெதுவாக வாங்கி மேஜைமேல் வைத்தார்.

"சாமு அண்ணே, ஞானம் அண்ணன் வீட்லேர்ந்து, மெர்சி அக்கா போன். உங்க தோஸ்த் போய்ட்டாரு."

"எங்க போய்ட்டான்?" என்று கேட்டேன். ஊருக்கே புத்தி சொல்கிறவன், அப்படித்தான் கேட்டேன். வேலூரிலிருந்து ஆம்பூர் வரைக்கும் பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தேன். உட்கார இடம் இருந்தது.

நம் காலனி மலருக்கு ஞானசேகரனைப் பற்றி எழுதித் தரச் சொன்னார்கள். 'அவர்' போட்டு மரியாதையாக எழுதுங்கள் என்றும் சொன்னார்கள். 'அவர்' என்று எழுதினால் யாரைப் பற்றி எழுதுகிறேன் என்று எனக்கே தெரியாமல் போய்விடும். ஆகவே அவன் என்றே எழுதுகிறேன். எட்டாவதோடு பள்ளிக்கூடத்துக்கு ஓய்வு கொடுத்தவன் நான். பிழை இருந்தால் வாத்தியார்கள் பொறுத்துக்கொள்ளட்டும்.

எங்கள் இருவரையும் உங்களுக்குத் தெரியும். ஒரே தோல் ஷாப்பில் முப்பது வருஷம் வேலை பார்த்தோம். நான் தோலை ஊறவைத்து உருட்டுகிற டிரம் செக்‌ஷன். நான் உள்ளே வந்தால் முதலாளியே எழுந்து நிற்பார் என்று நான் சொல்வதுண்டு. ஞானம் பக்கத்தில் இருந்தால், "அவரு முன்னாடியே நின்னுகினுதான் இருந்தாரு, கொஞ்சம் கம்மி பண்ணு" என்பான். அவன் செலக்‌ஷன் மேஜையில் இருந்தான். பதப்படுத்தின தோலை ஜன்னல் வெளிச்சத்தில் விரித்து, உள்ளங்கையால் ஒரு முறை தடவி, இது ஃபர்ஸ்ட், இது செகண்ட், இது ரிஜெக்ட் என்று பிரித்துப் போடுவான். அவன் ரிஜெக்ட் என்றால் ரிஜெக்ட்தான். மனுஷர்களையும் அப்படித்தான் பார்ப்பான். என்னை எதில் சேர்த்தான் என்று கடைசிவரை சொல்லவில்லை.

என் ரோசி கர்த்தருக்குள் போன பிறகு வீட்டில் நான் ஒருவன்தான். மகன் துபாயில். ரிடையர் ஆன புதிது வேறு. காலையை எப்படியாவது ஓட்டிவிடலாம், மார்க்கெட் இருக்கிறது, பேப்பர் இருக்கிறது. சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல்தான் வீடு பெரிதாகும். ஒரு நாள் மகனுடைய மெயில் பார்க்க பிரௌசிங் சென்டருக்குப் போனேன். அங்கே ஒரு ஸ்கிரீனில் கார் பந்தயம் ஓடிக்கொண்டிருந்தது. சும்மா உட்கார்ந்தேன். ஓட்டின முதல் தரமே ஆம்பூர் ரெக்கார்டை உடைத்தேன். ரெக்கார்டு ஒன்று இருந்ததா என்று கேட்காதீர்கள். சென்டரைப் பூட்டுகிறோம் என்று சொல்லித்தான் என்னை எழுப்பினார்கள். வெளியே வந்தபோது, ரோசி போனதிலிருந்து நான் கடிகாரம் பார்க்காத முதல் சாயங்காலம் அது என்று தோன்றியது.

மறுநாளே ஞானத்தைக் கூட்டிக்கொண்டு ரஃபீக் பாய் கடைக்குப் போனேன். மகன் அனுப்பிய பணம் கையில் இருந்தது. என் ஆசை ஒன்றே ஒன்று: பாய் புதுச் சாமான் போட்டு அசெம்பிள் பண்ணி வைத்திருந்த மெஷின். புது பிராசசர், புது கிராபிக்ஸ் கார்டு, கேபினட்டின் பக்கவாட்டில் கண்ணாடி, உள்ளே நீல லைட். அதை வாசல் பக்கம் வைத்தால் தெருவே நின்று பார்க்கும்.

ஞானம் அதைப் பார்க்கவே இல்லை. மூலையில் அடுக்கியிருந்த பழைய சாமானைப் பார்த்தான்.

"இதே காசுக்கு பழசு ரெண்டு மெஷின் வருமா பாய்?"

"தாராளமா வரும். லைட்டு கீட்டு இருக்காது. கேமு ஓடும்."

"ரெண்டு எதுக்குடா?" என்றேன். "எனக்கு இன்னா ரெண்டு தலையா?"

"ஒண்ணு வாங்கினா நீ ஆடுவ. நான் பக்கத்துல குந்திகினு பாப்பேன். ஒரு வாரம் பாப்பேன். அப்புறம் மெர்சி கூப்புடுறா, முட்டி வலிக்குதுன்னு எதனா சொல்லிட்டு வராம நின்னுடுவேன்."

"வராட்டி போ."

"போறேன். அப்புறம் சாயங்காலம் இன்னா பண்ணுவ சாமு?"

பாய் ஸ்க்ரூ டிரைவரைத் தேடுகிற மாதிரி மேஜைக்குக் கீழே குனிந்துகொண்டார். நான் அந்த நீல லைட்டையே பார்த்துக்கொண்டு நின்றேன். நான் பேச்சில் தோற்று ஆம்பூரில் யாரும் பார்த்ததில்லை. அன்றைக்கு வேலூரில் தோற்றேன்.

பழைய சாமான் வாங்க அவன் உட்கார்ந்த அழகைச் சொல்லவேண்டும். மதர்போர்டை ஜன்னலுக்கு நேராகத் தூக்கிப் பிடித்தான். கட்டைவிரலால் ஓரம் தடவினான். மோந்துவேறு பார்த்தான், கருகின வாடை இருக்கிறதா என்று. கடையிலிருந்தவர்கள் எல்லாரும் வேலையை விட்டுவிட்டுப் பார்த்தார்கள். கடைசியில் அவன் மெஷினுக்கு என்று இரண்டு கிராபிக்ஸ் கார்டு மேஜைக்கு வந்தன. ஒன்று துடைத்து வைத்த கண்ணாடி மாதிரி பளபளவென்று இருந்தது. இன்னொன்றில் வருஷக்கணக்குத் தூசி. ஞானம் பளபளப்பைத் தள்ளி வைத்துவிட்டுத் தூசியை எடுத்தான்.

"அண்ணே, அதுதான் நல்ல ஐட்டம்" என்றார் பாய்.

"ஃபினிஷிங் ஜாஸ்தி போட்ட தோல்ல அடியில காயம் இருக்கும் பாய். எங்கிட்டயேவா?"

தோலில் அது நூற்றுக்கு நூறு உண்மை. முள் கிழித்தது, உண்ணி கடித்தது எல்லாவற்றையும் பாலிஷ் போட்டு மறைப்பார்கள். ஆனால் கார்டுக்குத் தோல் ஷாப்பின் சட்டம் தெரியாது. தூசிக் கார்டு நாலே நாளில் ஸ்கிரீனைப் பச்சையாக்கிவிட்டுச் செத்தது. திரும்ப எடுத்துக்கொண்டு போனோம். பஸ் முழுக்க நான் சிரித்த சிரிப்பில் டிரைவர் வண்டியை ஓரங்கட்டினார். மாதனூரில் ஆள் இறக்கத்தான் ஓரங்கட்டினார் என்று ஞானம் சொல்வான், அதை நம்பாதீர்கள். பாய் பளபளப்புக் கார்டை எடுத்துக் கொடுத்தார். ஞானம் அதை வாங்கி மறுபடியும் ஒரு முறை மோந்து பார்த்தான்.

"தோலு பொய் சொல்லாதுபா. இந்த மெஷினுதான் மூஞ்சப் பாத்து ஏமாத்துது" என்றான். அவன் வாயிலிருந்து தோல்வி அந்த அளவுக்குத்தான் வரும்.

நம் ஊர்க் காற்றை உங்களுக்குச் சொல்லவேண்டாம். வெள்ளிக் கொலுசே இங்கே சீக்கிரம் கறுத்துப்போகும். ரேம், கார்டு இவற்றின் ஓரத்தில் இருக்கும் பித்தளை நிறப் பல்வரிசையும் அப்படியே கறுக்கும். கறுத்தால் மெஷின் கூவிக்கொண்டே கிடக்கும், ஸ்கிரீன் வராது. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து, பிரியாணி சாப்பிட்டு, என் வீட்டில் இரண்டு மெஷினையும் திறந்து வைத்துக்கொண்டு பென்சில் அழிக்கிற ரப்பரால் தேய்ப்போம். அது எங்களுக்கு இரண்டாவது ஆராதனை. அவன் மனைவி மெர்சி வந்து கதவில் சாய்ந்து நிற்கும். "அண்ணா, வீட்ல ஒரு நாளாவது பாத்திரம் தேய்ச்சிருப்பாரா இந்த மனுஷன்? இங்க வந்து பல்லு தேய்ச்சி உடுறாரு" என்று சொல்லும். "இதுங்க சோறு கேக்காது, திட்டாது" என்பான் ஞானம். மெர்சி போகும்போது அவன் தலையில் ஒரு தட்டு தட்டிவிட்டுப் போகும்.

எதிரெதிராக மேஜை போட்டு, நடுவில் ஒரு ஒயர் இழுத்து, இருவரும் ஒரே பந்தயத்தில் ஓட்டினோம். வருஷக்கணக்கில் ஓட்டினோம். நான் பறப்பேன். அவன் ஒவ்வொரு வளைவிலும் பிரேக் போட்டுத் திரும்புவான். சொன்னால் நம்பமாட்டீர்கள், பாதி நாள் அவன்தான் ஜெயிப்பான். மகன் ஒரு தரம் லீவில் வந்தபோது, "அப்பா, இந்த டப்பாவத் தூக்கிப் போடுங்க, நல்லதா ஒண்ணு புதுசு வாங்கித் தர்றேன்" என்றான். ரோசி இருந்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பாள். நான் ஞானத்தைப் பார்த்தேன். அவன் ஸ்கிரீனிலிருந்து கண்ணை எடுக்காமல், "வாங்கிக் குடுப்பா, ஆனா ரெண்டா வாங்கு" என்றான். மகன் சிரித்துவிட்டு விட்டுவிட்டான்.

போன மழைக்காலத்திலிருந்து அவனுக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. என் வீட்டு மூன்று படி ஏறி வந்து, நாற்காலியில் உட்கார்ந்து, மூச்சு அடங்கின பிறகுதான் மெஷினைப் போடுவான். ஒரு நாள் பந்தயத்தின் நடுவில், கடற்கரை ஓரமாகப் போகும் ரோட்டில், தன் காரை நிறுத்திவிட்டான். நான் ஒரு சுற்று முடித்து வந்து பார்க்கிறேன், அங்கேயே நிற்கிறது.

"இன்னாடா, மெஷின் நின்னுடுச்சா?"

"மெஷின் நல்லாத்தான் இருக்குது. எனக்குத்தான் முடியல. நீ போ."

நான் போகவில்லை. அவன் கார் பக்கத்தில் என் காரையும் நிறுத்தினேன். மற்ற கார்கள் எல்லாம் எங்களைத் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தன. அந்த ஸ்கிரீனில் கடல் அலை அடிக்கும் என்பதையே நாங்கள் இருவரும் அன்றைக்குத்தான் பார்த்தோம். ரோசி செய்யும் மீன் குழம்பைப் பற்றி அவன்தான் பேச்சை எடுத்தான். நேரம் முடிந்து, இரண்டு பேருமே தோற்றுவிட்டதாக ஸ்கிரீனில் வந்தது. "இன்னைக்கு சமம்" என்று சொல்லி எழுந்து போனான். அதற்குப் பிறகு அவன் வந்த நாட்கள் கம்மி.

முப்பதாம் நாள் ஜெபம் முடிந்ததும் மெர்சி சொல்லிற்று: "அண்ணா, அவர் மெஷின குடுத்துடுங்க. எதிர்ல காலி நாற்காலிய வெச்சிகினு எப்படி சாப்புடுவீங்க, எப்படி இருப்பீங்க?" சரி என்றுதான் ரஃபீக் பாயிடம் போனேன். பாயும் நல்ல மனசோடு பேசினார். பழசு இரண்டையும் எடுத்துக்கொள்கிறேன், மேலே கொஞ்சம் போட்டுப் புதுசு ஒன்று கொண்டுபோங்கள் என்றார். காட்டினார். கண்ணாடிக் கேபினட், நீல லைட், இந்தக் காலத்துக் கார்டு. நான் அன்றைக்கு ஆசைப்பட்டதைவிடப் பத்து மடங்கு. ஸ்விட்ச் போட்டதும் சத்தமே இல்லாமல் எழுந்தது.

"இப்ப நீங்க ஒருத்தர்தானேண்ணே" என்றார் பாய். சரியாகத்தான் சொன்னார்.

வாங்காமல் வந்துவிட்டேன். வந்து, இரண்டு மெஷினையும் திறந்து ரப்பர் போட்டுத் தேய்த்தேன்.

ஞானத்திடமிருந்து என்னிடம் இருப்பது அவன் தேர்ந்தெடுத்த இந்த இரண்டும்தான். ஒயர் போட்ட அந்தப் பந்தயம் ஒருவனாக இருந்தால் தொடங்காது. இன்னொருவர் வரவேண்டும் என்று காத்துக்கொண்டே நிற்கும். ஆகவே சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் நான் சுற்றிப் போய் அவன் நாற்காலியில் உட்கார்ந்து, அவன் பட்டனை அழுத்திவிட்டு, திரும்பி வந்து என் நாற்காலியில் உட்காருகிறேன். கொடி அசைகிறது. அவன் கார் தொடங்கின இடத்திலேயே நிற்கிறது.

இப்போதெல்லாம் தினமும் நான்தான் ஜெயிக்கிறேன்.