இருபத்திமூன்றாவது குரல்

நான் கதை எழுதுகிறவன் அல்ல. குழந்தைகள் நல அலுவலகத்தில் பழைய பதிவேடுகளைப் பார்த்துக்கொள்ளும் குமாஸ்தா. இது எனக்கு நடந்தது. பொய் என்று யாராவது நிரூபித்தால் முதலில் சந்தோஷப்படுகிறவன் நான்தான்.

அலுவலகத்தில் என் பட்டப்பெயர் ‘கிடைக்காது’. பதிவறை கீழ்த்தளத்தில் இருக்கிறது. இருபத்தாறு படி. எனக்கோ முழங்கால் வலி. யார் எதைக் கேட்டு வந்தாலும் ஒரு வாரம் கழித்து வரச்சொல்வேன். வந்ததும், தேடினேன், கிடைக்கவில்லை என்று கைவிரிப்பேன். வாய்க்கு வலி கிடையாதே.

ஒரு பெண்ணையும் அப்படித்தான் அலைக்கழித்தேன். மூன்று திங்கட்கிழமை, காலை பத்து மணிக்குச் சரியாக வந்து நின்றாள். ஆறு வயதிலிருந்து பதினெட்டு வயதுவரை காப்பகத்தில் வளர்ந்தவள். அவள் வெளியே வந்த வருடமே காப்பகத்தை மூடிவிட்டார்கள். அங்கே வளர்ந்ததற்குச் சான்றிதழ் காட்டினால்தான், அப்படி வளர்ந்த பெண்களுக்கான விடுதியில் அவளுக்கு அறை நிலைக்கும்.

“ராத்திரி எட்டு மணிக்கு வார்டனம்மா எங்களை நிக்கவெச்சு எண்ணி நோட்டுல எழுதுவாங்க சார். நான் இருபத்திமூணு. கடைசி. அந்த நோட்டு கிடைச்சாலே போதும்.”

மூன்றாவது முறை வந்தபோது, புதன்கிழமைக்குள் சான்றிதழ் கொடுக்காவிட்டால் அறையைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள் என்றாள்.

“தேடியாச்சும்மா. கிடைக்கல,” என்றேன். ஒரு படிகூட இறங்கவில்லை.

நாலாவது திங்கட்கிழமை அவள் வரவில்லை. பத்து மணிக்கு வாசலைப் பார்த்தேன். பதினொன்றுக்கும் பார்த்தேன். மத்தியானம் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவே இல்லை. செய்தது பாவம் என்று எனக்கே தெரிந்தது.

மாலை 4.10. கீழே போனேன்.

விளக்கைப் போட்டேன். அலமாரி எல்லாம் தூசி. ஒரே ஒரு கீழ்த்தட்டு மட்டும் சுத்தமாக இருந்தது. யாரோ துணியால் துடைத்தமாதிரி... அங்கேதான் அந்தக் காப்பகத்தின் இரவு வருகை நோட்டுகள். இரண்டே நிமிடத்தில் கிடைத்துவிட்டன. வெட்கமாக இருந்தது. கடைசி நோட்டைக் கையில் எடுத்தேன்.

4.14. அலமாரிக்குப் பின்னால் ஒரு குழந்தையின் குரல்.

“ஒண்ணு.”

வேறொரு குரல். “ரெண்டு.”

எட்டிப் பார்த்தேன். வெறும் சுவர்.

“மூணு... நாலு... அஞ்சு...”

ஒவ்வொன்றும் வேறு குரல். ஒவ்வொன்றும் இன்னும் பக்கத்தில்.

நோட்டை மார்போடு அணைத்துக்கொண்டேன்.

“இருபத்திரெண்டு...”

நின்றது.

4.15.

என் காதோரம்...

“இருபத்திமூணு.”

அந்தக் குரல் எனக்குத் தெரியும்.

எப்படி மேலே ஓடிவந்தேனோ, முழங்கால் வலித்த ஞாபகமே இல்லை. சான்றிதழை எழுதி, 4.50-க்கு முத்திரை குத்தினேன். அவள் விண்ணப்பத்தில் இருந்த விடுதி எண்ணுக்குப் போன் செய்தேன். அறைத்தோழி எடுத்தாள்.

“புதன்கிழமை காலி பண்ணிட்டா சார். மறுநாள் ராத்திரி ரோட்டுல லாரி மோதிடுச்சு... எட்டு மணி இருக்கும். அவ இல்ல சார்.”

போனை வைத்துவிட்டு நோட்டின் கடைசிப் பக்கத்தைப் புரட்டினேன். காப்பகம் மூடிய நாளோடு பதிவு முடிந்திருந்தது. அதற்குக் கீழே, புது மையில் ஒரு வரி. போன வியாழக்கிழமைத் தேதி.

‘இரவு 8.00. எண் 23. வந்து சேர்ந்தாள்.’

நோட்டு முழுக்க இருந்த அதே வார்டனின் கையெழுத்து.

வார்டனம்மா இறந்து ஒரு வருடம் ஆகிறது. அவருடைய ஓய்வூதியக் கோப்பை மூடியவனே நான்தான்.

சான்றிதழ் இன்னும் என் மேசை இழுப்பறையில் கிடக்கிறது. அவளைச் சேர்த்துக்கொள்ள அந்த அம்மா அதைக் கேட்கவில்லை.