கைலியோடு டிராக்டர் பார்த்தவர்

ரிப்பேருக்குப் போன எங்கள் குட்டி டிராக்டர் இன்று ஆயர் ஈத்தாம் பட்டறையிலிருந்து வீடு திரும்பியது.

ஸ்டார்ட் செய்து, புல்வெட்டிக்கான லீவரை ஆஃபில் தள்ளினேன். புல்வெட்டியை ஓட்டும் பின்பக்க ஷாஃப்ட் அப்போதும் நிற்காமல் சுழன்றது. அதன் பாதுகாப்பு மூடியைப் பட்டறையில் யாரும் திரும்ப மாட்டவே இல்லை.

என் வீட்டுக்காரர் கைலியோடு ஷாஃப்ட் பக்கத்தில் குனிந்தார்.

"அலமாக், தள்ளி நில்லுங்க!"

"இஞ்சினை நிறுத்தாத லா. ஓடினாத்தான் கோளாறு தெரியும்."

காற்றில் கைலி படபடத்தது. சாவியைத் திருப்பி அணைத்துவிட்டேன்.

"இதுக்கா இவ்ளோ பயம்?" என்று சிரித்தபடி எழுந்தவர், கைலியின் ஓரத்தை இழுத்துப் பார்த்தார்.

அதில் ஷாஃப்ட் உரசிய புது கிரீஸ் கறை.

சாவி இப்போது என் கைப்பையில் இருக்கிறது. அவர் பேண்ட் தேடுகிறார்.

உங்கள் வீட்டு வீரர்கள் எதைக் கட்டிக்கொண்டு மெஷின் பார்க்கிறார்கள்?