குளியலறை வாசலில் ஒரு ஜோடி செருப்பு

அலுவலகத்தில் அவருக்குப் பெயர் புறங்கை. வீட்டு மின்சாரப் பரிசோதகர். வாடகைக்கு விடும் வீட்டில் புதிதாக ஆள் குடிவருமுன் வயரிங்கைப் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். சரியாக இருந்தால் பச்சை ஸ்டிக்கர், இல்லாவிட்டால் சிவப்பு.

எந்த உலோகத்தையும் முதலில் புறங்கையால்தான் தொடுவார். உள்ளங்கையால் தொட்டால் கரண்டு விரல்களை மடக்கிவிடும், பிடித்ததை விட முடியாது. வயர்மேனாக இருந்த காலத்தில் அப்படி ஒரு ஜன்னல் கம்பியைப் பிடித்து, காலடியில் ஏணி சரிந்ததால் பிழைத்தவர். அன்றிலிருந்து கதவுப் பிடி, ஃபிரிட்ஜ், மகளுக்குக் காய்ச்சல் என்றால் நெற்றி, எல்லாவற்றுக்கும் புறங்கைதான்.

"என் கையையே முதல்ல அப்படித்தான் தொட்டாரு. ஷாக் அடிக்கலைன்னு தெரிஞ்ச பிறகுதான் புடிச்சாரு" என்பாள் மனைவி. வந்தவர்கள் சிரிப்பார்கள். அவரும் சிரிப்பார்.

அவருடைய அக்காவுக்கு மாடியில் ஒரு போர்ஷன் இருந்தது. பழைய குடித்தனக்காரர்கள் போய்விட்டார்கள். புதிதாக ஒரு தம்பதி, நடை பழகும் குழந்தையோடு, அன்று சாயங்காலமே சாமானோடு வருவதாக இருந்தது. பச்சை ஸ்டிக்கர் இல்லாமல் வாடகைக்கு விடக் கூடாது. அக்கா தம்பியைக் கூப்பிட்டாள்.

"நீ வயர் இழுத்த வீட்டுல நீயே வந்து என்னத்தடா பாக்கப் போற? கையெழுத்தைப் போட்டுட்டு சாப்பிட்டுப் போ."

அவரும் கிட்டத்தட்ட அப்படித்தான் நினைத்திருந்தார். வயர்மேனாக இருந்தபோது அந்த வீட்டுக்கு மொத்த வேலையும் அவர்தான் செய்தார். எந்தச் சுவருக்குள் எந்த வயர் போகிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வார்.

வாசலில் ஷூவைக் கழற்றிவிட்டு மாடிக்குப் போனார். சுவிட்சுகளைப் போட்டுப் பார்த்தார். பியூஸ் பெட்டியைத் திறந்து மூடினார். குளியலறைக்குள் கால் வைக்கப் போனவரை அக்கா தடுத்தாள்.

"செருப்பைப் போட்டுக்கடா."

வாசலில் நீல ரப்பர் செருப்பு ஒரு ஜோடி கிடந்தது. அக்காவின் சுத்தம் குடும்பத்தில் பிரசித்தம். போட்டுக்கொண்டார். ஹீட்டரைப் போட்டுவிட்டுக் குழாயில் புறங்கையை வைத்தார். ஒன்றும் இல்லை. மீட்டர் பையில் இருந்தது. எடுக்கவில்லை.

வெளியே வந்து பச்சை ஸ்டிக்கரின் முனையை நகத்தால் உரித்துக்கொண்டே பேச்சுக்குக் கேட்டார்.

"பாத்ரூமுக்குன்னு தனிச் செருப்பா? குடிவர்றவங்க பயந்துடப் போறாங்க."

"சுத்தத்துக்கு இல்லடா. ஹீட்டர் போட்டா குழாய் லேசா கடிக்கும். செருப்பு போட்டா கடிக்காது. முன்னாடி இருந்தவங்களுக்கும் சொல்லி வெச்சிருந்தேன்."

உரித்த முனையை மறுபடி காகிதத்தில் ஒட்டினார்.

மீட்டரை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். முள் அடித்துக்கொண்டு எழுந்தது. ஹீட்டருக்குள் கசிவு. அது எர்த் வயர் வழியாக மண்ணுக்குப் போயிருக்க வேண்டும். அந்த எர்த் வயரை அவர்தான் தண்ணீர்க் குழாயில் கட்டியிருந்தார். அன்று இரும்புக் குழாய் மண்ணுக்குள் இறங்கியது. எல்லாரும் அப்படித்தான் கட்டினார்கள். கீழே இறங்கி வீட்டின் பின்பக்கம் போய்ப் பார்த்தார். மாடிச் சுவரோடு இறங்கிய இரும்புக் குழாய் இடுப்பு உயரத்தில் முடிந்து, அதற்குக் கீழே பிளாஸ்டிக்காக இருந்தது. கசிந்த கரண்டு மண்ணுக்குப் போக வழியில்லாமல் குழாயிலேயே நின்றது.

"இது எப்ப மாத்தினது?"

"துருப்பிடிச்சு ஒழுகுச்சு, மாத்தினேன். தண்ணிக் குழாய்க்கும் கரண்டுக்கும் என்னடா சம்பந்தம்?"

சம்பந்தம் வைத்தவரே அவர்தான். மாடிக்குப் போய்ப் பியூஸைப் பிடுங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். சிவப்பு ஸ்டிக்கரைப் பெட்டியின் மேல் ஒட்டினார்.

"டேய், அவங்க இருந்த வீட்டைக் காலி பண்ணிட்டுக் கெளம்பிட்டாங்க. இப்ப போய் எங்க நிப்பாங்க?"

"குழந்தை என்ன, செருப்பு போட்டுக்கிட்டுத்தான் குழாயைத் தொடுமா, அக்கா?"

"இத்தனை நாள் யாருக்கு என்ன ஆச்சு? அப்ப நீ செஞ்ச வேலை சரியில்லைன்னுதானே அர்த்தம்?"

"ஆமா."

இதை அக்கா எதிர்பார்க்கவில்லை. விறுவிறுவென்று கீழே இறங்கிவிட்டாள்.

சொன்னபடி வண்டி வந்தது. கட்டில், பீரோ, ஒரு மூன்று சக்கர சைக்கிள். இடுப்பில் குழந்தையோடு நின்ற பெண்ணிடம் அக்கா சொன்னாள்: "மாடியில கரண்டு இல்லம்மா. என் தம்பிதான் புடுங்கிட்டான். சரியாகிற வரைக்கும் கீழ என்கூட இருங்க." பிறகு அவர் காதில் விழும்படி, "இவனைப் பெத்ததுக்கு எங்கம்மா ஒரு மின்கம்பத்தைப் பெத்திருக்கலாம், வெளிச்சமாவது கெடைச்சிருக்கும்" என்றாள்.

மறுநாள் விடுப்பு எடுத்துக்கொண்டு வந்தார். பின்பக்கம் ஆழமாகக் குழி தோண்டி எர்த்துக்குச் செம்புக் கம்பியை இறக்கினார். குழாயில் கட்டிய பழைய வயரை அறுத்தார். ஹீட்டரைக் கழற்றி எறிந்துவிட்டுப் புதியதை மாட்டினார். கரண்டு கசிந்தால் தானாக விழும் சுவிட்சைப் பெட்டியில் பொருத்தினார். குழந்தை குழி மண்ணை அள்ளி மறுபடி குழிக்குள்ளேயே போட்டுக்கொண்டிருந்தது. அக்கா தண்ணீர் சொம்பைச் சத்தமாக வைத்துவிட்டுப் போனாள்.

வேலை செய்தவர் கையெழுத்துப் போடக் கூடாது. போட்டாலும் இந்த முறை அவரே நம்பியிருக்க மாட்டார். கூட வேலை செய்யும் சோடாபுட்டியை வரவழைத்தார். அவர் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து ஒவ்வொரு பிளக்கிலும் மீட்டரை வைத்தார்.

"ஏன்யா, உங்க அக்கா வீட்டுக்கு எதுக்குய்யா நான்?"

"அதனாலதான்."

சோடாபுட்டி பச்சை ஸ்டிக்கர் ஒட்டியபின் தம்பி குளியலறைக்குள் வெறுங்காலோடு போய், தரையை நனைத்து, ஹீட்டரைப் போட்டுக் குழாயில் புறங்கையை வைத்தார். பிறகு உள்ளங்கையால் இறுகப் பிடித்தார். அக்கா வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இனிமே செருப்பு வேணாம், அக்கா."

அக்கா செருப்பை எடுத்து, அழுக்கைத் தட்டிவிட்டு, இருந்த இடத்திலேயே நேராக வைத்தாள்.

"இருக்கட்டும். உன் வேலையை ஒரு தடவை நம்பியாச்சு."

சாப்பிடக் கூப்பிட்டாள்.