வெறுங்கையோடு வரவேண்டிய விருந்து

புவனேந்திரனுக்கு வயது ஐம்பத்து நான்கு. ஜெர்மனியின் எசன் நகரில் ட்ராம் ஓட்டுகிறார். உயரம் ஐந்தடி ஓர் அங்குலம். அந்த ஓர் அங்குலத்தைச் சொல்லாமல் விட்டால் மனிதருக்குக் கோபம் வரும். நெஞ்சுவரை தாடி. கோயிலில் கண்டவர்கள் ஏதோ நேர்த்திக்கடன் என்று நினைத்துக்கொண்டார்கள். அவரும் மறுக்கவில்லை. குள்ளர் குலத்துக்காக வளர்த்த தாடி என்று சொன்னால் யார் நம்பப்போகிறார்கள்?

விஷயம் இதுதான். நன்றாகப் படித்து, ஒழுங்காக வேலைக்குப் போகிற ஜெர்மன்காரர் அறுபது பேர், வருடத்துக்கொருமுறை சவர்லாந்துக் காட்டோரம் கூடாரமடித்து, கற்பனைக் கதைகளில் வருகிற சுரங்கக் குள்ளர்களாக நான்கு நாள் வாழ்கிறார்கள். பதினொரு வருடத்துக்கு முன், கூட ட்ராம் ஓட்டுகிற ஊவே, கூடாரம் தூக்க ஆள் வேண்டுமென்று இவரைக் கூட்டிப்போனான். தூக்கப் போனவர் கோடரியும் தலைக்கவசமுமாகத் திரும்பி வந்தார்.

மனைவி ஜெயமலருக்கு மானம் போய்விட்டது. யாராவது கேட்டால், "அவருக்கு ஃபோர்ட்பில்டுங். வேலையிடத்தில பயிற்சிக்கு அனுப்பியிருக்கினம்" என்பாள். ஒரு ட்ராம் சாரதிக்குப் பதினொரு வருடமாக முடியாத பயிற்சி என்னவென்று ஒருவரும் கேட்கவில்லை. நம் சனத்தின் நல்ல மனசு அப்படி.

அந்த நான்கு நாளில் சனிக்கிழமை மத்தியானம்தான் பெரிய விசேஷம், தணல் விழா. குள்ளர்கள் எல்லா அடுப்பையும் அணைத்துவிட்டு, ஒரே ஒரு சட்டியில் தணலைக் காப்பாற்றி வைப்பார்கள். குலத்தலைவி அதிலிருந்து ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு துண்டு கொடுப்பாள். அதை வைத்துத்தான் தங்கள் அடுப்பை மூட்டலாம். வீட்டு ஆள் ஒருவராவது பக்கத்தில் உட்கார்ந்திருந்தால்தான் தணல். தனி ஆளுக்குக் கிடையாது. புவனேந்திரன் பதினொரு வருடமும் ஊவேயின் அடுப்பில்தான் சாப்பிட்டார். ஊவேயின் மனைவி இரண்டாந்தரம் கேட்டுக் கேட்டுத்தான் போடுவாள். ஆனாலும் அடுத்தவன் அடுப்பு அடுத்தவன் அடுப்புதானே.

ஒவ்வொரு வருடமும் ஜெயமலரைக் கூப்பிடுவார். அவள் மாட்டேன் என்பாள். இந்த முறை அவர் கேட்கவேயில்லை. தன் மேலங்கியை மடித்துப் பையில் வைத்தார், அவ்வளவுதான். அது அவளைச் சுட்டுவிட்டது.

"ஏன், இந்த முறை என்னைக் கேக்கேல்லை?"

"கேட்டா வரவோ போறீர்?"

"வாறன்."

மனிதருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. சேறாக இருக்கும், சப்பாத்துப் போடும் என்றார். பெண்களும் தாடி ஒட்டுவார்கள், சிரிக்கவேண்டாம் என்றார். கடைசியாக, "சாப்பாடு ஒண்டும் கொண்டு வரவேண்டாம். வெறுங்கையோடதான் வரவேணும்" என்றார்.

"ஓம், ஓம்" என்றாள் ஜெயமலர்.

இந்த வார்த்தையை அவள் எத்தனை வீட்டில் கேட்டிருக்கிறாள். விருந்துக்குக் கூப்பிடுகிற எல்லோரும் ஒன்றும் வேண்டாம் என்றுதான் சொல்வார்கள். அதை நம்பி வெறுங்கையை வீசிக்கொண்டு போனவளின் கதை அடுத்த கல்யாணவீடுவரை ஓடும். புவனேந்திரன் வியாழக்கிழமையே புறப்பட்டுப்போனார். ஜெயமலர் வெள்ளி முழுக்க அடுப்படியில் நின்று எண்பது ஆட்டிறைச்சி ரோல் பொரித்தாள்.

சனிக்கிழமை ஊவே அவளை ஸ்டேஷனிலிருந்து கூட்டிவந்தபோது எல்லோரும் பெரிய கூடாரத்தில் உட்கார்ந்துவிட்டார்கள். புவனேந்திரன் எழுந்து கையசைத்தார். அவள் நேரே தலைவியிடம் போனாள். தலைவி ஹெல்கா, மற்ற நாளில் பல் வைத்தியரிடம் உதவியாளர், அன்றைக்குக் கம்பளித் தாடியும் இரும்புக் கிரீடமும். அவள் முன்னால் ஜெயமலர் பையைத் திறந்து ரோல் தட்டை நீட்டினாள்.

மேசைகளிலிருந்து எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். குள்ளர் மண்டபத்துக்குள் விருந்தாளி உணவு கொண்டுவருவது, உங்கள் களஞ்சியம் காலி என்று முகத்துக்கு நேரே சொல்வது. அப்படிப்பட்ட விருந்தாளியை அன்றைக்கு வெளியே அனுப்பியாக வேண்டும். விளையாட்டுத்தான். ஆனால் சட்டத்தை வளைத்து விளையாட ஜெர்மன்காரருக்கு வராது.

"எங்களிடம் சோறில்லை என்று நினைத்தாயா, விருந்தாளியே?" என்றாள் ஹெல்கா. அவள் கண்ணிலும் சங்கடம் தெரிந்தது.

புவனேந்திரன் வந்து மனைவியின் கையைப் பிடித்தார். பதினொரு வருடம் காத்திருந்து, பத்து நிமிடம்கூடப் பக்கத்தில் இருக்கவைக்க முடியவில்லையே என்று தன்னையே நொந்துகொண்டார். "வாரும் ஜெயா, போவம். பிழை என்ரதான். விருந்தாளியள் சாப்பாடு கொண்டு வரேலாது. நான் வடிவாச் சொல்லியிருக்கவேணும்."

"ஆர் விருந்தாளி?" என்றாள் அவள்.

கையை விடுவித்துக்கொண்டு ஹெல்காவின் பக்கம் திரும்பினாள். ஜெர்மன் பிசகவில்லை. "நான் இவருடைய மனைவி. முப்பது வருடமாக இவருக்குச் சமைக்கிறேன். இவர் இங்கே வீட்டுக்காரர் என்றால் நானும் வீட்டுக்காரிதான். வீட்டுக்காரி தன் வீட்டில் சமைத்து வைப்பதில் என்ன குற்றம்?"

ஹெல்கா தட்டிலிருந்து ஒரு ரோலை எடுத்து, தாடியைத் தூக்கிவிட்டுக் கடித்தாள். கூடாரம் முழுக்க மேசைகளைத் தட்டியது. எண்பதும் தீர எவ்வளவு நேரம் எடுத்திருக்கும் என்று நினைக்கிறீர்கள்?

தணலைக் கொடுக்கும்போது தலைவி ஒரு கேள்வி கேட்பது வழக்கம். ஹெல்கா இடுக்கியால் ஒரு துண்டை எடுத்து அவர்கள் முன்னால் இருந்த இரும்புத் தட்டில் வைத்தாள். "இந்த அடுப்பு யாருடையது?"

பதில் சொல்லவேண்டியவர் புவனேந்திரன். பதினொரு வருடமாக மனதுக்குள் சொல்லிப் பார்த்த பதில்தான். வாயைத் திறந்தார், அழுகைதான் வந்தது. ஜெயமலர் குனிந்து தணலை ஊதினாள். புகைக்குள்ளிருந்து நிமிர்ந்து, தமிழிலேயே சொன்னாள்.

"எங்கட."