லில்லி டீச்சர் சொன்ன பச்சை மண்

முப்பத்தைந்து வருடங்களுக்கு முன், விருத்தாசலத்தில் ஒரு மழலையர் பள்ளியில், நாலு வயதுக் குழந்தைகள் செய்துவைத்திருந்த பதினான்கு களிமண் பொம்மைகளை வாளித் தண்ணீரில் போட்டுக் கரைத்தேன். அதில் ஒன்று என் மகள் கவிதா செய்தது. கோபத்தில் செய்யவில்லை. நல்லது செய்வதாகவே நினைத்தேன்.

இப்போது ஆக்லாந்தில் அவள் வீட்டில் இருக்கிறேன். வந்த புதிதில், "யாழினியக் கிண்டிக்குக் கூட்டிட்டுப் போறேம்ப்பா" என்று அவள் சொன்னபோது எனக்குச் சென்னைக் கிண்டிதான் நினைவுக்கு வந்தது. இங்கே மழலையர் பள்ளியை அப்படித்தான் சொல்கிறார்கள். நாலு வயதுப் பேத்தியை அழைத்துவர நானும் கூடப் போனேன். சுவர் முழுக்கப் படங்கள். எதுவும் எதைப்போலவும் இல்லை. ஆசிரியை யாழினியின் படத்தைக் காட்டினார். மரியாதைக்காக, "நைஸ் டாக்" என்றேன். "நாய் இல்ல தாத்தா, மழை" என்றாள் பேத்தி. இங்கே இது என்ன என்று கேட்பதில்லை, இதைப் பற்றிச் சொல்லு என்றுதான் கேட்போம் என்று ஆசிரியை சிரித்தபடி விளக்கினார். குழந்தை சொன்னதை அப்படியே எழுதி ஒவ்வொரு படத்தின் கீழும் ஒட்டியிருந்தார்கள். ஒரு குழந்தையின் படமும் விடுபடவில்லை. எல்லாம் ஒரே வரிசை, குழந்தைகளின் கண் உயரத்தில். நம் ஊரில் இதெல்லாம் எங்கே என்று ஊர் நண்பர்களுக்கு எழுதக்கூட நினைத்தேன்.

வீட்டிலும் அப்படித்தான். மாலையில் சாப்பாட்டு மேசையில் பழைய பேப்பரை விரித்து, பெயின்டும் களிமண்ணும் எடுத்துவைப்பாள் கவிதா. சரியாக அந்த நேரத்தில், "அப்பா, ஒரு வாக்கிங் போயிட்டு வாங்களேன்" என்பாள். மூன்றாம் நாள் காரணம் கேட்டேன்.

"அவ செய்யறத நீங்க பாக்க வேணாம்ப்பா" என்றாள். குரலில் கோபமில்லை. அதுதான் உறைத்தது.

அன்று நடக்கும்போதுதான் அந்த வாளி முழுதாக நினைவுக்கு வந்தது. அப்போது நான் ஒரு பீங்கான் யூனிட்டில் தரம் பார்க்கும் வேலையில் இருந்தேன். சூளையில் சுடாத பண்டத்துக்கு எங்கள் பேச்சில் பச்சை என்று பெயர். பச்சையில் கோணல் தெரிந்தால் தண்ணீரில் போட்டுவிடுவோம். மறுபடி மண்ணாகிவிடும், யாருக்கும் வருத்தமில்லை. ஆண்டு விழாவுக்காகக் குழந்தைகள் செய்ததைச் சுட்டுத் தர முடியுமா என்று லில்லி டீச்சர் கேட்டிருந்தார். போனேன். பதினேழில் மூன்றுதான் தேறும் என்று எடுத்துவைத்தேன். ஒவ்வொன்றின் கீழும் டீச்சர் கையெழுத்தில் ஒரு துண்டுச் சீட்டு இருந்தது. அதையெல்லாம் ஒதுக்கித் தள்ளிவிட்டு மீதியை வாளியில் போட்டேன்.

டீச்சர் ஓடிவந்தார். "சார், அதுங்க பச்சை மண்ணுங்க சார்."

"அதனாலதான் டீச்சர் கரையுது. சுட்டிருந்தா முடியுமா?" என்றேன்.

அவர் சொன்னது பொம்மைகளை அல்ல, குழந்தைகளை. அவ்வளவு சாதாரணமான பேச்சுவழக்கு எனக்கு அன்று எட்டவில்லை. கிண்டியில் நான் வியந்த அத்தனையையும், குழந்தை சொன்னதைச் சீட்டில் எழுதிவைப்பது உட்பட, ஜங்ஷன் பக்கத்து ஓட்டுக் கட்டடத்தில் யாரும் சொல்லித்தராமலே அவர் செய்துகொண்டிருந்திருக்கிறார். கவிதா அன்று அழவில்லை. அதன்பின் மண்ணையும் வண்ணத்தையும் தொடவுமில்லை. படிப்பில் கவனம் என்று நான் பெருமைப்பட்டேன்.

போன தை மாதம் ஊருக்குப் போய் லில்லி டீச்சரைப் பார்த்தேன். இன்னமும் குழந்தைகளோடுதான் இருக்கிறார். மன்னிப்புக் கேட்டேன்.

"என்கிட்ட எதுக்கு சார்? கரைச்சது என்னையா?" என்று சிரித்தார். "வந்ததுதான் வந்தீங்க. இந்த வருஷத்துப் புள்ளைங்க செஞ்சது இருவது இருக்குது, சுட்டுக் குடுங்க. நல்லது கெட்டதுன்னு பொறுக்கக் கூடாது, சொல்லிட்டேன்."

பொறுக்கவில்லை. நிழலில் நாள்கணக்கில் காயவைத்து, தெரிந்த யூனிட்டில் கேட்டு, இருபதையும் சூளையில் வைத்தேன். ஒன்று வெடித்துவிட்டது. துண்டுகளைப் பொட்டலமாகக் கட்டி எடுத்துப் போனேன். அதைச் செய்தவளிடமே கொடுத்தேன். அந்தச் சிறுமி பிரித்துப் பார்த்தாள்.

"என் கோழி ஒடஞ்சிடுச்சா?"

"ஆமாம்மா. நான் சுடும்போது வெடிச்சிடுச்சு."

துண்டுகளை எண்ணினாள். "டீச்சர், ஏழு குஞ்சு பொரிச்சிருக்குது" என்று கத்திக்கொண்டு ஓடினாள். டீச்சர் அவள் சீட்டில் பழைய வரியை அடித்துவிட்டு இதை எழுதினார்.

ஆக்லாந்து திரும்பியதும், யாழினியும் பக்கத்தில் இருக்க, கவிதாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுக்கொண்டே இருந்தவள், "நான் என்ன செஞ்சிருந்தேன்னு ஞாபகம் இருக்குதாப்பா?" என்றாள்.

"இல்லம்மா. நான் சீட்டப் படிக்கல."

"எனக்கும் மறந்துபோச்சு" என்றாள். லில்லி டீச்சரிடம் கேட்டிருக்கலாம். அங்கே இருந்த அத்தனை நாளில் எனக்குத் தோன்றவே இல்லை.

மறுநாள் மாலை பேப்பரை விரித்தபோது அவள் என்னை வெளியே அனுப்பவில்லை. ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டாள், அவ்வளவுதான். யாழினி என்னைத்தான் வரைந்துகொண்டிருந்தாள். தலை, கண்ணாடி, கோடு போட்ட சட்டை. இடுப்புக்குக் கீழே வெறும் தாள். கால் எங்கே என்று கேட்க வாயெடுத்தேன். கவிதா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நிறுத்திக்கொண்டேன்.

கொஞ்ச நேரம் கழித்து யாழினியே சொன்னாள்: "தாத்தாவோட காலு இன்னும் விருத்தாசலத்துலதான் நிக்குது."