சந்தேகமா இருந்தாலும் அழுத்துங்க

மருத்துவமனையின் இரண்டாம் மாடியில், லிஃப்டை விட்டு இறங்கி இடது பக்கம் திரும்பினால் மூன்றாவது கதவு காது பரிசோதிக்கும் அறை. அங்கே பத்தொன்பது வருடமாக உட்கார்ந்திருப்பவளுக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று உண்டு. அதைச் சொல்லி யாரும் கூப்பிடுவதில்லை. தரை துடைப்பவரிலிருந்து பெரிய டாக்டர் வரை எல்லோருக்கும் அவள் காதக்கா.

சத்தம் புகாத ஒரு சின்னக் கூண்டு. அதில் ஒரு கண்ணாடி ஜன்னல். வந்தவரை உள்ளே உட்கார வைத்து, காதில் ஹெட்ஃபோனை மாட்டி, கையில் ஒரு பொத்தானைக் கொடுத்துவிட்டு, காதக்கா வெளியே மெஷின் முன்னால் உட்காருவாள். 'பீப்' என்று ஒரு சத்தம் கொடுப்பாள். கேட்டால் அழுத்த வேண்டும். மெஷினில் பச்சை விளக்கு எரியும். பிறகு சத்தத்தைக் குறைத்துக்கொண்டே போவாள். கேட்பதற்குச் சுலபமாகத்தான் இருக்கிறது. ஆனால் தனக்குப் பாம்புச் செவி என்று காட்டிக்கொள்ள, சத்தமே கொடுக்காதபோதும் அழுத்தித் தள்ளுகிறவர்கள் உண்டு. நன்றாகக் கேட்டும், 'தப்பாகிவிட்டால்?' என்று பிடித்துவைத்த பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருக்கிறவர்களும் உண்டு. எல்லோருக்கும் அவள் சொல்வது ஒரே பாடம்.

"லேசா கேட்டாலும் அழுத்துங்க. சந்தேகமா இருந்தாலும் அழுத்துங்க. அந்தச் சந்தேகம்தான் எனக்கு வேணும்."

உண்மைதான். ஒரு காது எந்த இடத்தில் பாதி கேட்டும் பாதி கேட்காமலும் தடுமாறுகிறதோ, அங்கேதான் அவள், கேட்கும் அளவைக் காட்டும் படத்தில் புள்ளி வைப்பாள். அந்தத் தடுமாற்றத்தை அளப்பதற்குத்தான் அவளுக்குச் சம்பளம்.

இது ஒரு காதக்கா. மதியம் ஒன்றரை மணிக்குச் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து, இன்னொரு கையில் போனை எடுத்தால் வேறொருத்தி. கடவுளை நம்பாதவர்கள் கூடியிருக்கும் இணையக் குழு ஒன்றில் அவள் பெயர் சுத்தியல். நேரில் வாயில் விரலை வைத்தால் கடிக்கத் தெரியாது. அங்கே போனால் ஆளையே கடித்து வைப்பாள். பக்தர்களோடு சண்டை பிடித்தாலாவது பரவாயில்லை. அவளுக்கு மூக்குக்கு மேல் கோபம் வருவது அதே குழுவில் 'இருக்கா இல்லையா, தெரியாது' என்று சொல்கிறவர்கள் மேல்தான். கடவுள் இல்லை, கதை முடிந்தது, இதில் என்ன தெரியாது வேண்டிக்கிடக்கிறது? இரண்டு பக்கமும் துண்டு போட்டு இடம் பிடிக்கிற கூட்டம் என்பாள்.

அந்தக் கூட்டத்தில் அவளுடைய அண்ணனும் ஒருவர். தகடு அடிக்கும் தொழிற்சாலையில் பிரஸ் மெஷின் ஓட்டுகிறவர், அவளைவிட ஏழு வயது மூத்தவர். அவளுக்குச் சைக்கிள் கற்றுக்கொடுத்தவர். 'சாமிக்கு எப்படிக் கேக்கும், எல்லாரும் ஒரே நேரத்துல பேசினா?' என்று அவள் காதில் முதல் கேள்வியைப் போட்டவரும் அவர்தான். குழுவில் அவளைச் சேர்த்துவிட்டதும் அவரே. தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டார்.

எட்டு மாதத்துக்கு முன் ஒருநாள் இந்த வாக்குவாதம் மறுபடி கிளம்பியது. அண்ணன் பேசுகிற மாதிரியே எழுதினார்: "நம்புறியான்னு கேட்டா இல்லைன்னு சொல்வேன். தெரியுமான்னு கேட்டா தெரியாதுன்னு சொல்வேன். ரெண்டும் வேற வேற கேள்விம்மா. முதல் கேள்விக்கு உனக்கும் எனக்கும் ஒரே பதில்தான். ரெண்டாவதுலதான் நீ அவசரப்படுற."

அவசரப்படுற. அந்தச் சொல் சுருக்கென்று தைத்தது. சைக்கிள் நாட்களில் அவர் நூறு தடவை சொன்ன சொல்தான். அப்போது அதில் சிரிப்பு இருக்கும். திரையில் சிரிப்பைக் காணோம். நாலாயிரம் பேர் முன்னால் பெஞ்சு மேல் ஏற்றி நிறுத்தியது போலிருந்தது. சோற்றுக் கையோடு பதில் எழுதினாள்:

"இல்லை என்று சொல்ல முதுகெலும்பு வேண்டும். அம்மா சாகக் கிடந்தபோது கட்டில் பக்கத்தில் கைகூப்பி முணுமுணுத்த ஆளுக்கு அது எங்கே இருக்கப்போகிறது?"

கூடவே வயிறு குலுங்கச் சிரிக்கும் பொம்மை முகம் மூன்று. முந்நூற்று நாற்பது பேருக்குப் பிடித்துப்போனது. நெத்தியடி என்றார்கள். அண்ணன் ஒரே ஒரு சொல் எழுதினார்: "சரிம்மா." பிறகு குழுவை விட்டுப் போய்விட்டார்.

அவர் தொழிற்சாலைக்காரர்கள் சிலரும் குழுவில் இருந்தார்கள். மறுநாள் காலையில் அவர் மெஷின் முன்னால் ஒருவன் கைகூப்பி, கண்ணை மூடி, உதட்டை அசைத்துக் காட்டினானாம். பக்கத்து மெஷின்காரர்கள் சிரித்தார்களாம். இதை அண்ணி போனில் சொன்னாள். சொல்லிவிட்டு, "இனிமே இந்த நம்பருக்குக் கூப்பிடாத" என்று வைத்துவிட்டாள்.

அன்றிலிருந்து அண்ணன் பேசவில்லை. காதக்கா அந்த 'சரிம்மா'வைத் திரும்பத் திரும்பப் படித்தாள். முதல் வாரம் அது நக்கலாகக் கேட்டது. பிறகு வெறுப்பாக. ஒருநாள் பேருந்தில் போகும்போது அழுகையாகக் கேட்டது, அவள் இறங்க வேண்டிய நிறுத்தத்தைத் தவறவிட்டாள். இரண்டு தடவை அவர் தெருமுனை வரை போய்த் திரும்பி வந்தாள். சுத்தியலைத் தூக்கி எங்கேயாவது எறிந்துவிட்டு அவளுக்கு அண்ணன் வேண்டியிருந்தது. வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை.

தொழிற்சாலை தன் ஆட்களை வருடாவருடம் காது பரிசோதனைக்கு அனுப்பும். இந்த வருடம் இருபத்திரண்டு பேர் பட்டியல் வந்தது. ஒன்பதாவது அண்ணன்.

அவர் கதவைத் திறந்து வந்தபோது காதக்கா எழுந்து நின்றுவிட்டாள். எந்த நோயாளிக்கும் எழுந்து நின்றதில்லை.

"வாண்ணா."

அவர் சீட்டை மேஜையில் வைத்தார். "எங்க உக்காரணும்?"

உட்கார வைத்தாள். ஹெட்ஃபோனை மாட்டும்போது அவர் காதோரம் நரைத்திருப்பதைப் பார்த்தாள். வழக்கமான பாடத்தைச் சொல்ல நாக்கு எழவில்லை. "கேட்டா அழுத்து" என்று மட்டும் சொல்லிவிட்டு வெளியே வந்தாள்.

பெரிய சத்தத்துக்கெல்லாம் விளக்கு சரியாக எரிந்தது. குறைக்கக் குறைக்க, அவர் தலை லேசாகச் சாய்ந்தது, விளக்கு எரியவில்லை. மறுபடி கொடுத்தாள். தலை சாய்ந்தது, கட்டைவிரல் பொத்தான் மேல் போய் நின்றது, அழுத்தவில்லை. இதையே படத்தில் ஏற்றினால் பாதிச் செவிடு என்று வரும். அவருக்குக் கேட்கிறது என்று அவளுக்குத் தெரிந்தது.

மைக்கை இழுத்தாள். "ஏண்ணா அழுத்தல?"

"கேட்ட மாதிரிதான் இருந்துச்சு. நெசமாவே கேட்டுச்சா, நானா நெனச்சுக்கிட்டேனான்னு சொல்ல முடியல." அவர் கண்ணாடி வழியாக அவளைப் பார்க்காமல் சொன்னார். "நிச்சயமில்லாதத உங்கிட்ட எப்படிச் சொல்றது? அதுக்குத்தான் ஒருதடவை வாங்கிக் கட்டிக்கிட்டேனே."

காதக்காவுக்கு முகம் சுட்டது. "சந்தேகமா இருந்தாலும் அழுத்துங்க" என்று பத்தொன்பது வருடமாக ஊராருக்கெல்லாம் சொன்னவள், பெற்ற தாய்க்கு அடுத்தபடியாக இருந்த அண்ணனை, அவர் சந்தேகப்பட்டதற்காகவே சந்தியில் நிறுத்தியிருக்கிறாள். இதைவிடக் கேவலம் வேறென்ன என்று இருந்தது.

அடுத்தது பேச்சுப் பரிசோதனை. காதக்கா மைக்கில் ஒவ்வொரு சொல்லாகப் படிப்பாள். உள்ளே இருப்பவர் அதை அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும். உதட்டசைவைப் பார்த்துச் சொல்லிவிடக் கூடாது என்பதற்காக, வாயை ஒரு அட்டையால் மறைத்துக்கொள்வாள்.

"கதவு."

"கதவு," என்றார் அண்ணன்.

"தண்ணீர்."

"தண்ணீர்."

"கட்டில்."

"கட்டில்."

அதற்குமேல் பட்டியல் அவள் கண்ணுக்கு மங்கியது. அட்டைக்குப் பின்னாலிருந்து சொன்னாள்: "நான் எழுதினது தப்பு."

"நான் எழுதினது தப்பு," என்றார் அண்ணன், சொன்ன வேலையைச் செய்கிறவராக.

"விளையாடாதண்ணா."

"விளையாடாதண்ணா."

காதக்காவுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக முட்டிக்கொண்டு வந்தன. "அம்மா கெடந்த அன்னைக்குக் கதவுக்கு வெளியில நான்தான் நின்னேன். ஊசி போட நர்ஸ் வந்தாங்க. ரெண்டு நிமிஷம் இருங்கன்னு நான்தான் நிறுத்தி வெச்சேன். நீ சொல்லி முடிக்கணும்னு."

இந்தத் தடவை அவர் திருப்பிச் சொல்லவில்லை. ஹெட்ஃபோனை ஒரு காதிலிருந்து நகர்த்தினார். "இது டெஸ்ட்டா?"

அவள் அட்டையை மேஜையில் வைத்தாள். மூக்கெல்லாம் சிவந்திருந்தது. "இல்லண்ணா."

அண்ணன் பொத்தானைப் பார்த்தபடியே பேசினார். "யாருகிட்ட சொன்னேன்னு எனக்கு இன்னைக்கும் தெரியாதும்மா. யாராவது இருந்தா கேட்டுக்கட்டும்னு சொன்னேன். அம்மா மூச்சு விட அவ்வளவு கஷ்டப்பட்டாங்க. என்னால சும்மா நிக்க முடியல."

"எனக்கும் முடியல. அதனாலதான் கதவப் புடிச்சுக்கிட்டு நின்னேன்," என்றாள். "அந்தக் குழுவுலயே, அத்தன பேர் முன்னாடியும், இத எழுதறேன். மன்னிச்சிடுண்ணா."

"சரிம்மா," என்றார் அவர்.

எட்டு மாதமாக அவள் நூறு குரலில் படித்துப் பார்த்த சொல். அதில் நக்கல் இல்லை, வெறுப்பும் இல்லை. சைக்கிளின் பின்சீட்டைப் பிடித்துக்கொண்டு கூடவே ஓடி வந்தபோது, 'விட்டுடாதண்ணா' என்று அவள் கத்தினால் மூச்சிரைக்கச் சொல்வாரே, அதே சரிம்மா. அன்றைக்கும் இப்படித்தான் எழுதியிருப்பாரா? நிச்சயமாகத் தெரியவில்லை. கேட்கவும் அவளுக்குத் துணிவு வரவில்லை.

"ஆனா உங்க அண்ணி இப்படி 'சரி'ன்னெல்லாம் விடமாட்டா," என்றார் அண்ணன், ஹெட்ஃபோனைச் சரிசெய்துகொண்டே. "ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு வந்து நீயே வாங்கிக் கட்டிக்கோ. இப்ப முதல்ல இருந்து ஆரம்பி. வெளியில பதிமூணு பேர் காத்துக்கிட்டிருக்காங்க."